ஊராட்சியில் எதை எந்த மாதம் கேட்பது? செட்டிநாட்டு ஊர்களுக்கான கணக்கு

கேள்வி இதுதான்: பல வருடம் வெளியூரில் இருந்துவிட்டுச் செட்டிநாட்டில் சொந்த ஊருக்குக் குடிவந்திருக்கிறார் ஒருவர். தெருவில் வடிகால் இல்லை, ஊருணிக்குத் தண்ணீர் வரவில்லை, குழாயில் வாரத்துக்கு இரண்டு நாள்தான் தண்ணீர். மனுக்கள் கொடுத்தும் பலனில்லை. ஊராட்சி வருடம் முழுக்க என்ன செய்கிறது, எதை எப்போது யாரிடம் கேட்டால் நடக்கும்?

பெரும்பாலான மனுக்கள் தப்பான மாதத்தில் போகின்றன. காகிதத்தில் ஊராட்சியின் வருடம் ஏப்ரல் 1-ல் தொடங்கும். வேலையைப் பொறுத்தவரை அது அக்டோபர் 2-ல் தொடங்குகிறது. அடுத்த நிதியாண்டுக்கான கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டம் காந்தி ஜெயந்தி கிராம சபையில் ஆரம்பித்து ஜனவரி கடைசிக்குள் முடிந்து, இணையத்தில் ஏற்றப்பட்டுவிடும். நூறு நாள் வேலைக்கான பணிப்பட்டியலும் அந்தப் பருவத்திலேயே தயாராகும். பட்டியலில் இல்லாத வேலையை மே மாதம் கேட்டால் "பார்க்கலாம்" என்ற பதில்தான் வரும். கிளார்க் மனசு வைக்காததால் அல்ல, அந்த வேலைக்குப் பணம் எந்தத் தலைப்பிலும் இல்லாததால்.

முதலில் உங்கள் ஊர் எந்த வகை என்று பாருங்கள். கானாடுகாத்தான், பள்ளத்தூர், புதுவயல், நாட்டரசன்கோட்டை எல்லாம் பேரூராட்சிகள். அங்கே நூறு நாள் வேலை கிடையாது, நடைமுறையே வேறு. காரைக்குடி 2024-ல் மாநகராட்சியானபோது சுற்றியிருந்த சில ஊராட்சிகளும் பேரூராட்சிகளும் அதோடு சேர்ந்துவிட்டன. அங்கே இருப்பவர்களுக்குக் கிராம சபை இனி இல்லை. ஆத்தங்குடி போன்ற கிராம ஊராட்சிகளுக்குத்தான் இந்தப் பதில் பொருந்தும். மாவட்டமும் முக்கியம்: செட்டிநாடு சிவகங்கை, புதுக்கோட்டை என இரண்டு மாவட்டங்களில் கிடக்கிறது. பக்கத்து ஊர்க்காரர் சாக்கோட்டை ஒன்றியத்தில் மனுக் கொடுத்தார் என்பதற்காக அரிமளத்தையோ திருமயத்தையோ சேர்ந்த ஊர்க்காரர் அங்கே போய் நிற்கக் கூடாது.

இரண்டாவது, உங்கள் ஓட்டு எங்கே இருக்கிறது? கிராம சபையின் உறுப்பினர் என்பவர் அந்த ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ளவர். வீடு ஊரிலும் ஓட்டு சென்னையிலும் இருந்தால் கூட்டத்தில் உட்காரலாம், பேசலாம், ஆனால் உங்கள் கையெழுத்து எண்ணிக்கையில் சேராது. வாக்காளர் பட்டியலில் முகவரி மாற்றுவதற்கான படிவம் 8 கொடுத்துப் பெயரை மாற்றிக்கொள்ளுங்கள். குடிவந்தவர்கள் வழக்கமாகக் கடைசியில் செய்யும் வேலை இது. முதலில் செய்ய வேண்டியது.

கிராம சபை வருடத்துக்கு ஆறு நாள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. முன்பு நான்காக இருந்தது. தண்ணீர் தினமும் (மார்ச் 22) உள்ளாட்சிகள் தினமும் (நவம்பர் 1) 2022-ல் சேர்ந்தன. மக்கள்தொகை 500 வரை உள்ள ஊராட்சியில் 50 பேர், 501 முதல் 3,000 வரை 100 பேர், 3,001 முதல் 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும். ஏழு நாள் முன்னதாக அறிவிப்பு வர வேண்டும். இடம் ஒவ்வொரு குக்கிராமமாகச் சுழல வேண்டும். எப்போதும் தாய்க்கிராமத்துச் சாவடியிலேயே வைத்தால் காலனிப் பக்கத்துப் பெண்கள் வர மாட்டார்கள், அவர்கள் தெருவின் குழாய் பட்டியலில் ஏறாது. வரவு செலவைப் படிவம் 30-ன் சுருக்கமாகப் பார்வைக்கு வைக்க வேண்டும். கூட்டம் தொடங்குமுன் அதைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள், முடிந்ததும் சுருட்டிவிடுவார்கள்.

கூட்டத்தில் கெட்டுப்போவது பெரும்பாலும் தீர்மானப் புத்தகத்தில்தான். வந்தவுடன் எல்லாரிடமும் கையெழுத்து வாங்கிவிட்டு, தீர்மானத்தைப் பின்னால் எழுதிக்கொள்வது பல ஊரில் வழக்கம். அதற்குச் சம்மதிக்க வேண்டாம். தீர்மானம் எழுதி, வாசித்து, அதன் கீழே கையெழுத்து. இன்னொரு கோளாறு, "வடிகால் வசதி செய்து தரக் கேட்டுக்கொள்ளப்படுகிறது, ஆவன செய்ய முடிவு செய்யப்பட்டது" என்று எழுதுவது. அதை வைத்து ஒன்றியத்தின் பணி மேற்பார்வையாளரான ஓவர்சியர் மதிப்பீடு போட முடியாது. எழுத வேண்டிய விதம் இப்படி: "தெற்குத் தெரு மாரியம்மன் கோயில் முக்கிலிருந்து ஊருணியின் மேற்கு வாய் வரை, புல எண் இன்னது, சுமார் 180 மீட்டர் நீளத்துக்கு வரத்துக்காலைத் தூர்வாரி, குறுக்கே இரண்டு இடத்தில் சிறுபாலம் அமைக்க, இந்த நிதித் தலைப்பில், வரும் ஆண்டுத் திட்டத்தில் சேர்க்கத் தீர்மானிக்கப்பட்டது." இடம், அளவு, புல எண் (சர்வே எண்), பணம் வரும் வழி, ஆண்டு ஆகிய ஐந்தும் இருந்தால் அந்தத் தாளைத் தட்டிக்கழிப்பது கஷ்டம். நகல் கேளுங்கள். தராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க் கட்டணத்தோடு மனு, 30 நாளில் பதில்.

தலைவர் இல்லாத காலத்தில் இதெல்லாம் நடக்குமா என்ற சந்தேகம் சிலருக்கு இருக்கிறது. 2019 டிசம்பரில் தேர்தல் நடந்த 27 மாவட்டங்களில் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ல் முடிந்து ஊராட்சிகள் தனி அலுவலர் பொறுப்புக்குப் போயின. சிவகங்கையும் புதுக்கோட்டையும் அதில் அடக்கம். 2016-லிருந்து மூன்று வருடம் இப்படித்தான் ஓடியது. அந்தக் காலத்திலும் கிராம சபை உண்டு, தீர்மானம் உண்டு. வார்டு உறுப்பினர் வாய்வழியாகச் சொல்லி முடிக்கிற சின்ன வேலைதான் நின்றுபோகும். தனி அலுவலரான வட்டார வளர்ச்சி அலுவலருக்கு (பி.டி.ஓ.) ஒரே ஆளாகப் பல ஊராட்சி. அவர் காகிதத்தை மட்டுமே பார்ப்பார். அப்படிப்பட்ட காலத்தில் எழுத்து இன்னும் முக்கியம்.

இனி தண்ணீர். செட்டிநாட்டில் மற்ற எல்லாம் இதற்குப் பிறகுதான்.

இந்த ஊர்கள் வற்றாத ஆறில்லாத செம்மண், செம்புறாங்கல் பூமியில் எழுந்தவை. வீட்டு ஓட்டில் விழும் மழை முற்றத்துக்கு வந்து, தரைக்கடியில் வடிகாலில் ஓடி, தெருக்காலில் சேர்ந்து, ஊருணிக்குப் போகும்படி வாட்டம் பார்த்துத் தெருவே அமைத்திருக்கிறார்கள். படிக்கட்டும் சுற்றுச்சுவரும் கட்டிய ஊருணிகளின் பின்னால் இருப்பது இந்த ஏற்பாடுதான். இப்போது பல ஊருணி வறண்டு கிடப்பதற்கு மழைக் குறைவைவிட, தெருவில் போட்ட சிமென்ட் சாலைதான் முதல் காரணம். பழைய சாலையைச் சுரண்டாமல் அதன் மேலேயே போடுகிறார்கள். ஒவ்வொரு முறையும் அரை அடி ஏறுகிறது. நாலு அடி உயரத் திண்ணை வைத்த பெரிய வீட்டுக்கு அதனால் ஒன்றும் ஆகாது. எதிரே இருக்கும் ஓட்டு வீட்டுக்குள் தண்ணீர் போகும், தெருக்கால் மூடிப்போகும், ஊருணி வாய்க்கு மேலே சாலை நிற்கும். ஆகவே தெருவுக்குச் சாலை கேட்கும் தீர்மானத்திலேயே "பழைய தளத்தை அகற்றி, தற்போதுள்ள மட்டத்துக்கு மேல் உயராமல், ஊருணி நோக்கி வாட்டம் வைத்து" என்று எழுதிவிடுங்கள். போட்ட பிறகு சொல்லிப் பயனில்லை.

ஊருணியைத் தூர்வாரக் கேட்பதற்கு முன் ஒரு வேலை உண்டு. கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள, நிலத்தின் வகையும் உரிமையும் எழுதிய அ-பதிவேட்டில் அந்தப் புல எண் என்ன வகை என்று பாருங்கள், இணையத்திலும் பார்க்கலாம். புறம்போக்கு என்றிருந்தால் ஊராட்சி செலவு செய்யலாம். செட்டிநாட்டில் நிறைய ஊருணிகள் ஒரு குடும்பம் வெட்டியவை, கோயிலுக்கோ அறக்கட்டளைக்கோ பட்டாவில் இருப்பவை. அவற்றில் உரிமையாளர் எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாமல் ஊராட்சிப் பணத்தைப் போட்டால் தணிக்கையில் நிற்கும். பட்டா பல பங்காளிகளின் பாட்டனார் பெயரில் இருந்தால் சம்மதம் வாங்கவே ஒரு வருடம் ஆகும். அதற்காகவே முந்தைய அக்டோபருக்கும் முன்பே தொடங்க வேண்டும்.

கண்மாய் வேறு கணக்கு. ஆயக்கட்டு, அதாவது பாசனப் பரப்பு, 100 ஏக்கருக்கு மேல் என்றால் பொதுப்பணித் துறை, இப்போது நீர்வளத் துறை. அதற்குக் கீழே ஒன்றியக் கண்மாய். ஊராட்சி அதில் தீர்மானம் போட்டு அனுப்பலாம், நூறு நாள் ஆட்களை விடலாம். மடை, கலுங்கு (மிகுநீர் வழிந்தோடும் இடம்), ஷட்டர் வேலையில் கை வைக்க முடியாது.

தூர்வாரும் காலம் சித்திரை, வைகாசி, ஆனி. தண்ணீர் வற்றியிருக்க வேண்டும், ஆவணி இடிமழைக்கு முன் முடிந்திருக்க வேண்டும். ஊருணிக்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலை மேலிருந்து கீழாகச் சுத்தம் செய்ய வேண்டும். கீழே ஊருணி வாயில் தொடங்கினால் அடுத்த மழை மேலிருந்து மண்ணைக் கொண்டுவந்து அதே இடத்தில் கொட்டும். மேலே போகப் போக இன்னொரு தடை வரும்: தைல மரக் (யூகலிப்டஸ்) காடு. மரத்துக்கு ஈரம் நிற்க வரிசைக்கு வரிசை வரப்பு போட்டிருப்பார்கள். மழைத்தண்ணீர் காட்டைவிட்டு வெளியே வராது. அதை ஊராட்சி வெட்ட முடியாது. காடு யாருடையது என்று பார்த்து, வனத்துறைக்கோ வனத்தோட்டக் கழகத்துக்கோ எந்த ஓடை மறைக்கப்பட்டது என்பதைப் புலப்படத்தோடு எழுத வேண்டும். "தண்ணீர் வரவில்லை" என்ற மனுவுக்குப் பதில் வராது. இந்த ஓடை எண் இங்கே வரப்பால் மறிக்கப்பட்டிருக்கிறது என்ற மனுவுக்கு ஆள் வந்து பார்ப்பார்கள்.

உள்ளே எவ்வளவு ஆழம் வெட்டுவது? வண்டலும் சேறும் உள்ள ஆழம் மட்டும். அதன் கீழே பழைய ஆட்கள் விட்டுவைத்த களிமண் படுகை இருக்கும். தண்ணீரைத் தாங்குவது அதுதான். பொக்லைன்காரர் நேரக் கணக்கில் வேலை செய்கிறவர், ஆழமாகப் போனால் வேலை நன்றாக நடந்தது போல் தெரியும். சரளை தெரிகிற அளவு வெட்டிவிட்டால் அந்த ஊருணி கார்த்திகையில் நிரம்பி மாசிக்குள் காலியாகும். சந்தேகம் இருந்தால் நாலு மூலையிலும் நடுவிலும் கடப்பாரையால் சோதனைக் குழி போட்டு, சேற்றின் கனத்தைக் குச்சியில் அளந்து குறித்துக்கொண்டு இயந்திரத்தை இறக்குங்கள். ஓரம் செங்குத்தாக நிற்கக் கூடாது. சரிவாக இறங்க வேண்டும். ஐப்பசியில் பிள்ளைகள் மூழ்கிப்போவது பெரும்பாலும் இப்படி வெட்டிவிட்ட செங்குத்துப் பள்ளத்தில்தான்.

நூறு நாள் ஆட்கள் கையால் வெட்டும் இடத்தில் வேறு கோளாறு. வெட்டிய மண்ணைக் கரை ஓரத்திலேயே கொட்டிவிடுவார்கள், தூரம் தூக்கினால் அளவு குறையும் என்பதால். முதல் மழையில் அது திரும்ப உள்ளே இறங்கும். மண்ணைக் கரைக்கு வெளிப்புறமோ, கரை மேல் பரப்பி இடித்துவிட்டோ போட வேண்டும் என்று பணி தொடங்கும் அன்றே பணித்தளப் பொறுப்பாளரிடம் சொல்லிவிடுங்கள்.

வண்டல் மண்ணை விவசாயிகளே இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். 2024-லிருந்து தாசில்தாரே அனுமதி தருகிறார். நன்செய்க்கு ஏக்கருக்கு 75 கன மீட்டர், புன்செய்க்கு 90 கன மீட்டர். ஒரு யூனிட் 100 கன அடி, அதாவது 2.83 கன மீட்டர். 75 கன மீட்டர் என்றால் சுமார் 26 யூனிட். ஒரு ஏக்கர்க்காரர் பெயரில் நாற்பது, ஐம்பது யூனிட் போனால் மண் வயலுக்குப் போகவில்லை, செங்கல் சூளைக்குப் போகிறது என்று அர்த்தம். மே 1 கிராம சபையில் எந்தக் கண்மாயில் எவர் எவருக்கு அனுமதி என்ற பட்டியலைக் கேளுங்கள்.

மழைக்காலத்தில் ஊருணி வாயைக் கவனிக்க ஒரு ஆள் வேண்டும். முதல் இரண்டு மழை தெருக்குப்பை, சாணி, பிளாஸ்டிக் எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு வரும். அதுவரை வாயைப் பலகை போட்டு அடைத்து, தண்ணீரை வெளியே விட்டு, பிறகு திறப்பதுதான் பழைய முறை. வாய்க்கு முன்னால் மண் தங்கும் குழி ஒன்று இருந்தால் வருடா வருடம் அதை மட்டும் அள்ளினால் போதும். இப்போதைய பெரிய ஆபத்து, கழிவறைத் தொட்டியின் வழிதலைத் தெருக்காலில் விட்டிருக்கும் வீடுகள். அப்படி ஒரு வீடு இருந்தாலும் அந்தத் தெருக்காலை ஊருணிக்குத் திறக்கக் கூடாது. சமையல், குளியல் தண்ணீருக்கு உறிஞ்சிக்குழி போடச் சொல்லலாம்: நீளம், அகலம், ஆழம் மூன்றும் மூன்று அடி, அடியில் பெரிய கல், நடுவில் 40 மில்லிமீட்டர் ஜல்லி, மேலே 20 மில்லிமீட்டர், தண்ணீர் விழும் இடத்தில் சோப்பு நுரையும் எண்ணெயும் தங்க ஒரு சின்னத் தொட்டி. அந்தத் தொட்டியை மாதம் ஒருமுறை கழுவாவிட்டால் ஒரே வருடத்தில் குழி அடைத்துக்கொள்ளும். செம்புறாங்கல் நேரடியாக மேலே தெரிகிற இடத்தில் தண்ணீர் இறங்குவது மெதுவாக இருக்கும். அங்கே குழியை இன்னும் அகலப்படுத்த வேண்டும்.

குழாய்த் தண்ணீருக்கு வருவோம். காவிரிக் கூட்டுக் குடிநீர் வரும் ஊரிலும் ஆழ்குழாய் மோட்டார்தான் பாதி வேலை பார்க்கிறது. மேல்நிலைத் தொட்டியை மாதம் இருமுறை கழுவி, தேதியைத் தொட்டியின் காலில் பெயின்டில் எழுத வேண்டும். தேதி பழையதாக இருந்தால் அதுவே உங்கள் மனு. கழுவும்போது தண்ணீரை முழுக்க வடித்து, சுவரைத் தேய்த்து, அடியில் உள்ள மண்டியைக் கழிவு வால்வு வழியே வெளியேற்றி, பிளீச்சிங் கரைசலால் அலசி, மறுபடி நல்ல தண்ணீரால் அலச வேண்டும்.

தினசரி குளோரின் அளவு: 33 சதவீதக் குளோரின் உள்ள பிளீச்சிங் பவுடர் 1,000 லிட்டருக்கு 4 கிராம். 30,000 லிட்டர் தொட்டிக்கு 120 கிராம், 60,000 லிட்டருக்கு 240 கிராம். பவுடரை அப்படியே தொட்டியில் கொட்டக் கூடாது. வாளியில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கூழாகக் குழைத்து, வாளியை நிரப்பிக் கலக்கி, பத்து பதினைந்து நிமிடம் வைத்தால் சுண்ணாம்பு அடியில் தங்கும்; மேலே தெளிந்ததை மட்டும், தொட்டி ஏறிக்கொண்டிருக்கும்போது ஊற்ற வேண்டும். அரை மணி நேரம் கழித்துத்தான் திறக்க வேண்டும். கடைசித் தெருவின் கடைசிக் குழாயில் சோதனைக் கரைசலின் சில துளி விட்டால் மஞ்சள் தெரிய வேண்டும், லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருக்க வேண்டும். தொட்டியடியில் மஞ்சள், கடைசிக் குழாயில் நிறமே இல்லை என்றால் நடுவில் குழாய் உடைந்து சாக்கடை கலக்கிறது, அல்லது பவுடர் போதவில்லை. எங்குமே மஞ்சள் இல்லையென்றால் பவுடர் செத்துவிட்டது: மூட்டையைப் பிரித்து, மோட்டார் அறையில் ஈரத்தில் திறந்து வைத்திருப்பார்கள்.

கடைசித் தெருவுக்குத் தண்ணீர் வராததற்கு முதல் காரணம், நடுவில் வீட்டுக் குழாயில் மோட்டார் மாட்டி உறிஞ்சுவது. இதில் கௌரவமான வீடுகளும் சேர்த்திதான். உறிஞ்சும்போது குழாய்க்குள் அழுத்தம் குறைந்து, கசிவுள்ள இடத்தில் சாக்கடை உள்ளே வரும். இரண்டாவது காரணம் கேட் வால்வு முறை. மேட்டுத் தெருவுக்கும் பள்ளத் தெருவுக்கும் ஒரே நேரத்தில் திறந்தால் மேட்டுக்கு வராது. கடைசித் தெருவை முதலில் தனியாகத் திறக்கும் அட்டவணை எழுதி, மோட்டார் அறைச் சுவரில் ஒட்டச் சொல்லுங்கள். சித்திரையில் நீர்மட்டம் இறங்கியதும் மோட்டார் வெறுமனே ஓடிக் காயில் (கம்பிச் சுருள்) எரிவது வாடிக்கை. வறட்டு ஓட்டத்தை நிறுத்தும் கருவி மாட்டினால் அந்தச் செலவு மிஞ்சும். இதை மார்ச் 22 கூட்டத்தில் கேட்க வேண்டும், மே மாதம் மோட்டார் எரிந்த பிறகு அல்ல.

அந்தப் பணம் எங்கிருந்து வரும்? 2021 ஏப்ரல் முதல் 2026 மார்ச் வரையான 15-வது நிதிக்குழு மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் துப்புரவுக்கும் மட்டுமே செலவிட வேண்டிய பணம். மீதி 40 சதவீதமும் சம்பளத்துக்கு ஆகாது. மின்கட்டணத்துக்குத் தனிக் கணக்கு. திடீரென்று எரியும் காயில், தெருவிளக்கு, செத்த மாட்டை அகற்றுவது போன்றவற்றுக்கு ஊராட்சி கையில் இருப்பது வீட்டு வரி, தொழில் வரி, குடிநீர்க் கட்டணம் சேரும் பொது நிதிதான்.

செட்டிநாட்டில் அங்கேதான் ஓட்டை. பெரிய பெரிய வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. வரிப் பதிவேட்டில் கொள்ளுத்தாத்தா பெயர். பங்காளிகள் கோலாலம்பூரிலும் கோயம்புத்தூரிலும். ஒருவர் கட்டினால் "அவர் பெயருக்கு மாற்றிக்கொள்ளப் பார்க்கிறார்" என்று அடுத்தவர் சந்தேகப்படுவார் என்பதற்காகவே யாரும் கட்டுவதில்லை. வரி ரசீது சொத்துரிமைக்குச் சான்று ஆகாது; இதைப் பங்காளிகளிடம் ஒருமுறை தெளிவாகச் சொல்லிவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும். இப்போது இணையத்திலேயே கட்டலாம், வரி எண் இருந்தால் போதும். வீட்டு வரியோடு ரூபாய்க்குப் பத்துப் பைசா நூலக வரியும் சேரும். பெயர் மாற்ற வேண்டுமென்றால் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, பத்திர நகல், மற்றப் பங்காளிகளின் சம்மதக் கடிதம் எல்லாம் கேட்பார்கள். ஜனவரி முதல் மார்ச் வரை வசூல் நெருக்கடியில் கிளார்க்குக்கு நேரம் இருக்காது. பெயர் மாற்றத்துக்கு ஜூன், ஜூலைதான் நல்ல மாதம்.

கோயில் வரியை இதோடு குழப்ப வேண்டாம். திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி, நகரத்தார் கோயிலுக்குப் புள்ளி வரி (மணமான தம்பதி ஒரு புள்ளி) எல்லாம் ஊர்ப்பணம், ஊராட்சிக்கு அதில் சம்பந்தமில்லை. "வருடா வருடம் வரி கட்டுகிறேன், தெருவிளக்கு எரியவில்லை" என்று சண்டைக்கு வருபவர் பல நேரம் இந்த வரியைத்தான் சொல்கிறார். தெருவிளக்குக்குப் புகார் சொல்லும்போது கம்பத்தில் எழுதியிருக்கும் எண்ணைச் சொல்லுங்கள், அடுத்த நாளே ஆள் வருவார்.

ஐப்பசியிலிருந்து மார்கழி வரை பூட்டிய வீடுகளின் இன்னொரு முகம் டெங்கு. வளவில் (வீட்டின் உள்முற்றப் பகுதி) மூடாத அண்டா, பயன்படுத்தாத கேணி, உடைந்த ஓட்டுக்குக் கீழே வைத்த பாத்திரம், மேல்மாடித் தொட்டி ஆகிய நாலும் கொசுப்புழுவுக்குப் போதும். கொசுப்புழு ஒழிப்புப் பணியாளர் தெருவில் வருவார், பூட்டைப் பார்த்துவிட்டுப் போவார். சாவியை எதிர்வீட்டில் கொடுத்து, அலுவலகத்தில் அந்த வீட்டு எண்ணை எழுதிவையுங்கள். வாரம் ஒருமுறை திறந்து கவிழ்த்துவிட்டால் போதும், மருந்துகூட வேண்டாம்.

தை பிறந்தால் ஊர் நிரம்பும். பொங்கல், மஞ்சுவிரட்டு, மாசியில் குலதெய்வப் படைப்பு, பங்குனித் திருவிழா, சித்திரை வைகாசியில் கல்யாணங்களும் அறுபதாம் கல்யாணங்களும். நூறு பேர் இருந்த தெருவில் ஆயிரம் பேர் இருக்கும் நாட்கள் இவை. பெரிய வீட்டில் விசேஷம் என்றால் ஒரு வாரம் முன்பே மோட்டார் ஆபரேட்டரிடமும் தூய்மைக் காவலரிடமும் சொல்ல வேண்டும். சமையலுக்கும் குளியலுக்கும் லாரித் தண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள். ஊர்த் தொட்டியை நம்பினால் அன்றைக்குக் கடைசித் தெரு காயும். எச்சில் இலையைத் தனியாக, பாட்டிலைத் தனியாகக் கட்டிக் கொடுத்தால் இலை உரக்குழிக்குப் போகும். கலந்து கொடுத்தால் ஊர் எல்லையில் எரியும்.

மஞ்சுவிரட்டுக்கு அனுமதி தருவது மாவட்ட நிர்வாகம். சிராவயல் போலப் பெயர்போன ஊராக இருந்தாலும் ஒவ்வொரு வருடமும் முறைப்படி விண்ணப்பம் உண்டு. ஊராட்சியின் பங்கு குடிநீர், துப்புரவு, விளக்கு. முதல் மரியாதை யாருக்கு என்ற தகராறில் தலைவர் தலைவராக நுழையக் கூடாது. ஊர்த் தலைவரான அம்பலமும் ஊர்க்கூட்டமும் பேசித் தீராவிட்டால் தாசில்தார் முன்னிலையில் அமைதிப் பேச்சு. அதைத் திருவிழாவுக்கு ஒரு மாதம் முன்பே வைத்துவிட வேண்டும், காப்புக் கட்டிய பிறகு யாரும் இறங்கி வர மாட்டார்கள்.

கண்மாய் வற்றும்போது மீன்பிடித் திருவிழா. மீன்பிடிக்கும் ஊத்தாவும் கச்சாவும் தூக்கிக்கொண்டு சுற்றுப்பட்டு ஊரே இறங்கும். குத்தகைக்கு விட்ட கண்மாயில் அதற்கு இடமில்லை, அதனால் மீன்பாசி (மீன்பிடி உரிமை) ஏலம் விடும்போதே நிபந்தனை எழுத வேண்டும்: மாடு குடிக்க இவ்வளவு தண்ணீர் நிற்கும்வரை மடையைத் திறக்கக் கூடாது, கோழிக்கழிவைத் தீனியாகக் கொட்டக் கூடாது. இந்த இரண்டும் எழுதாத ஊரில் பங்குனியில் நாற்றமும் சண்டையும் நிச்சயம். ஊராட்சிக்கு வரும் புளியமர மகசூல், கருவேல மர ஏலத் தொகை படிவம் 30-ன் வரவுப் பக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்.

கடைசியாக மார்ச். ஆண்டு முடியுமுன் பணத்தைச் செலவழிக்கும் அவசரத்தில் பல தெருவில் ஒரே நேரத்தில் சாலை விழும், தண்ணீர் இல்லாத மாதத்தில். பணி விவரப் பலகையில் நீளம், அகலம், கனம், தொகை எழுதியிருக்க வேண்டும். கலவை போடும் அன்று, ஓரப் பலகையைக் கழற்றுமுன் டேப்பை வைத்துக் கனத்தைப் பாருங்கள். நடுவில் குறைத்து ஓரத்தில் சரியாக வைப்பதும் உண்டு, அதனால் போடும்போதே நடுவில் ஒரு கம்பியைக் குத்திப் பாருங்கள். பேவர் பிளாக் என்றால் சாதாரணத் தெருவுக்கு 60 மில்லி, லாரி போகும் பாதைக்கு 80 மில்லி. ஓரக்கல் இல்லாமல் போட்டால் ஒரே மழையில் வரிசை விரியும். சிமென்ட் தளத்துக்குக் குறைந்தது ஏழு நாள், முடிந்தால் பதினாலு நாள் ஈரம் வேண்டும். ஒப்பந்தக்காரர் இரண்டு நாள் தண்ணீர் தெளித்துவிட்டுப் போய்விடுவார். மணலில் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தச் சொல்லுங்கள், அல்லது ஈரச்சாக்கு. அளவுப் புத்தகத்தில் பதிவாகி பில் போகுமுன் ஓவர்சியரிடம் குறையை எழுத்தில் கொடுத்தால் பணத்தை நிறுத்திவைக்க அவருக்கு வழி இருக்கும். பில் போன பிறகு அந்தச் சாலை உங்களோடு பத்து வருடம் இருக்கும்.